ஆறரை மணி அறிவித்தல்

இந்தக் கட்டடத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. ஆகையால் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதற்கு ஒரு கால் கட்டை, சுவரோடு சாய்த்துவிட்டால் ஆடாது.

அப்புத்துரை அண்ணரின் சாவைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் ஒலிபரப்பு நிலையத்தின் வரலாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொன்னால் என்னைக் கொலைகாரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

கொழும்பில் இருப்பதுதான் நிலையம், இங்கே இருப்பது வெறும் குழாய் என்று சிலர் சொல்வதுண்டு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. கொக்கட்டிக்குளம் குடியேற்றத்தில் அப்போது நூற்றெண்பது குடும்பங்கள். எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கமம் செய்யத் தொடங்கியவர்கள். வீட்டுக்கு வீடு நடுவே வயல், வாய்க்காலுக்கு வாய்க்கால் நடுவே அரை மைல். இன்றைக்கு யாருடைய தண்ணீர் முறை என்று சரியாகத் தெரியாமல் விடியற்காலையில் மண்வெட்டியோடு சண்டை பிடிப்பார்கள். ஒருவருக்கு மண்டை உடைந்த பிறகுதான் கிராமச் சங்கத் தலைவர் வீரகத்தியர் இதற்கு ஒரு வழி பார்த்தார். ஐம்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம் ஒரு பழைய அம்பிளிபயர், ஒரு மைக், நான்கு லவுட்ஸ்பீக்கர் எல்லாம் மாட்டு வண்டிலில் வந்து இறங்கின. பாலைமரக் கம்பங்கள் நட்டு வயர் இழுத்தோம். சந்தியில் ஒன்று, பிள்ளையார் கோயிலடியில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, மூன்றாம் வாய்க்கால் பாலத்தடியில் ஒன்று. மின்சாரத்துக்கு எங்கே போவது. கார் பற்றரியில்தான் ஓடியது. வாடகைக் கார் வைத்திருக்கிற ஜமால்தீன் நானா வாரம் இரண்டு தடவை அந்தப் பற்றரியைத் துணுக்காய் நெல்லு மில்லுக்கு ஏற்றிப் போய்ச் சார்ஜ் போட்டுக்கொண்டு வருவார்.

கூட்டுறவுச் சங்கக்கடையோடு ஒட்டின அறை, உரமூட்டை அடுக்கி வைத்த அறை, அதுதான் முதல் நிலையம். காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் ஒலிபரப்பு. முதலில் தேவார இசைத்தட்டு ஒன்று. பிறகு எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர், யாருடைய மாடு பிடிபட்டுக் கிடக்கிறது, யானை எந்தப் பக்கம் நிற்கிறது, சங்கக்கடைக்கு என்ன வந்திருக்கிறது. கடைசியில் மரண அறிவித்தல். மாலையில் றேடியோப் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்துக் கொழும்புச் செய்தியை அப்படியே ஊருக்கு விடுவேன். ஒரு தடவை யானை இரண்டு கம்பத்தைச் சாய்த்துவிட்டது. அன்றைக்கும் மற்ற இரண்டு குழாயும் நேரத்துக்குப் பேசின. இந்த ஐந்து வருடத்தில் ஒரு நாளும் ஆறரை என்பது ஆறு முப்பத்தொன்று ஆனதில்லை.

மைக்குக்கு முன்னால் என்னை இருத்தினதற்குக் காரணம், என்னிடம் நல்ல குரல் இருந்தது, வேறு ஒன்றும் இருக்கவில்லை. மூன்று ஏக்கர் வயல் அரசாங்கம் தந்ததுதான். ஐம்பத்தாறில் மழை பிந்தியது. குடியேற்றக்காரர் எல்லோருக்கும் விதைநெல் கொடுத்திருந்தார்கள். மழை வரும் வரும் என்று வானத்தைப் பார்த்தபடி இருந்தோம். வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடைசியில் நானும் என் மனைவி பத்மாசனியும் அந்த விதைநெல்லைக் குற்றிச் சமைத்துச் சாப்பிட்டோம். ஒரு கிழமை கழித்து மழை வந்தது. ஊர் விதைக்க இறங்கியது, நான் வரம்பில் நின்றேன்.

ஒரு கமக்காரனுக்கு இதைவிடப் பெரிய வசை கிடையாது, ஐயா. குடித்துச் சண்டை பிடித்தான் என்றால் மறந்துவிடுவார்கள். பெண்டாட்டியை அடித்தான் என்றாலும் மறந்துவிடுவார்கள். விதைநெல்லைத் தின்றவன் என்றால் பேரன் காலத்திலும் சொல்வார்கள். ஒரு கலியாண வீட்டில் சோறு பரிமாறினவன், “ஐயாத்துரை அண்ணைக்கு வடிவாப் போடுங்கோ, இல்லாட்டி விதைக்கு வைச்சதையும் கேப்பார்” என்றான். பந்தி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது. பத்மாசனி மற்றப் பெண்கள் போய் முடிந்த பிறகுதான் கிணற்றடிக்குப் போவாள். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை, அந்த வாளியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

அந்த மழைக்குள் அப்புத்துரை அண்ணர் தன் வண்டிலில் வைக்கோலுக்குள் மறைத்து அரைச் சாக்கு விதைநெல் கொண்டுவந்து என் வளவில் இறக்கினார். “ஆருக்கும் சொல்லாதை. நானும் சொல்லன்” என்றார். சொல்லவும் இல்லை. நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை.

நிலையம் வந்த பிறகு நான் றேடியோ மாஸ்டர் ஆனேன். தேத்தண்ணிக் கடையில் எழும்பி இடம் தந்தார்கள். கிணற்றடியில் பத்மாசனிக்கு வழி விட்டு, “அக்கா, யானை எந்தப் பக்கமாம், மாஸ்டர் ஏதும் சொன்னவரோ?” என்று கேட்டார்கள். அவள் வெள்ளென எழும்பி மற்றப் பெண்களோடு சேர்ந்து தண்ணீருக்குப் போகத் தொடங்கினாள். அவள் திரும்பி வரும்போது வாய்க்குள் ஏதாவது பாட்டு இருக்கும். அதற்காகவே நான் அந்த மைக்கைத் தினமும் இரண்டு தடவை துடைத்தேன்.

ஒரே ஒரு தடவை பிழை நடந்தது. ஐம்பத்தொன்பதில் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வருகிறது என்று பஸ் கொண்டக்டர் சொன்னதை நம்பி வாசித்துவிட்டேன். வயல் வேலையை விட்டுவிட்டு நூற்றைம்பது பேர் போத்தலும் கையுமாக மத்தியானம் வரை நின்றார்கள். எண்ணெய் வரவில்லை. அன்று பின்னேரம் வீரகத்தியர் வந்து உரமூட்டையின் மேல் இருந்துகொண்டு சொன்னார்.

“ஐயாத்துரை, உதிலை ஒருக்காப் பொய் போனால் பிறகு தண்ணி முறையையும் சனம் நம்பாது. திரும்ப மண்டை உடையும். இன்னொரு பொய்ச் செய்தி போச்செண்டால் அண்டைக்கே வயரை அறுப்பன். நீ பிறகு வயலுக்குத்தான் போகவேணும்.”

கோபமாகச் சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டுதான் சொன்னார். அன்று தொடக்கம் எந்தச் செய்தியையும் இரண்டு பேரிடம் கேட்டுத்தான் வாசித்தேன். மாடு காணவில்லை என்று ஒருவன் வந்தால் பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்வேன். மரண அறிவித்தல் ஒன்றுக்குத்தான் இரண்டாவது ஆள் தேவைப்படவில்லை. அதற்குத் தந்தி இருந்தது.

எங்கள் ஆட்களின் தந்தி வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. சாவு என்று ஒருவரும் எழுதமாட்டார்கள். வாசிக்கிறவர் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவார் என்ற பயம். “கடுமை, உடனே புறப்படவும்” என்றுதான் கொடுப்பார்கள். வாங்குகிறவரும் அதைக் கடுமை என்று வாசிப்பதில்லை. உறையைக் கண்டதுமே தலையில் கை வைத்துக் குழறத் தொடங்கிவிடுவார். ஊருக்கு வரும் தந்தியைப் பஸ்காரர் நிலையத்தில்தான் தந்துவிட்டுப் போவார்கள். மூன்று வருடத்தில் அப்படிப்பட்ட பதினேழு தந்திகள் என் மேசைக்கு வந்தன. பதினேழும் சாவு.

அறுபத்தொன்றாம் ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அப்புத்துரை அண்ணருக்கு நெடுநாளாகத் தொய்வு, மாரி தொடங்கினால் மூச்சு இழுக்கும். அந்த முறை நெஞ்சில் நீரும் கோத்துவிட்டது என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். கூட நின்ற மகன் நடராசா, வயலில் பன்றி இறங்குகிறது என்று கேள்விப்பட்டுப் புதன்கிழமைதான் காவலுக்குத் திரும்பி வந்திருந்தான். வெள்ளி காலை ஆறேகாலுக்கு முதல் பஸ்ஸில் தந்தி வந்தது. அவருடைய மனைவி அன்னபாக்கியம் அக்காவின் பெயருக்கு. அப்புத்துரை கடுமை, உடனே புறப்படவும்.

முதலில் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பது என் வழக்கம். வீடு ஒன்றரை மைல். ஆறரைக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. மாலை வரை பொறுத்தால் யாழ்ப்பாணத்துச் சொந்தங்களுக்குச் சொல்லப் போகிறவர்களுக்குப் பஸ் தப்பிவிடும். தேவாரத்தைப் போட்டுவிட்டு எழுதினேன். ஆறு முப்பத்தெட்டுக்கு வாசித்தேன். கொக்கட்டிக்குளம் இரண்டாம் வாய்க்காலைச் சேர்ந்த கந்தையா அப்புத்துரை அவர்கள் காலமாகிவிட்டார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகின்றோம். இரண்டு தடவை. குரல் ஓரிடத்தில் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, எனக்கு விதைநெல் தந்த மனிதர். யன்னலால் பார்த்தேன். வயலில் நின்றவர்கள் மண்வெட்டியை நட்டுவிட்டுத் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார்கள்.

நான் சைக்கிளில் போய்ச் சேரும்போது அன்னபாக்கியம் அக்கா முற்றத்தில் விழுந்து கிடந்து குழறினார். “என்ரை ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியோ” என்று மண்ணை அள்ளித் தலையில் போட்டார். தந்தியை நீட்டினேன். ஒருவரும் வாங்கவில்லை. வீரகத்தியர்தான் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

“ஓம், கடுமையாம். முடிஞ்சுது” என்றார்.

இதைக் கவனியுங்கள், ஐயா. கிராமச் சங்கத் தலைவரே தன் கண்ணால் வாசித்துவிட்டுச் சொன்னது. பிழை என்றால் அது ஊர் முழுவதினதும் பிழை. ஆனால் குழாயில் போனது என் குரல்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி. பந்தலுக்கு வெள்ளை கட்ட ஆள் வந்தது. பறைமேளத்துக்குச் சொல்லிவிட்டார்கள். சுடலைக்கு விறகு தறிக்க நாலு பேர் கோடரியோடு போனார்கள். இரண்டு பேர் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினார்கள். நடராசா மாட்டுக்கொட்டிலில் போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

“கொள்ளி வைக்கிறவன் வீட்டை நிக்கட்டும்” என்றார் வீரகத்தியர். “ஐயாத்துரை, நீ ஜமால்தீன்ரை காரிலை போய்ப் பிரேதத்தை எடுத்துக்கொண்டு வா. உனக்குத்தான் இங்கிலீசு தெரியும்.”

வழியெல்லாம் வெள்ளம். இரண்டு இடத்தில் இறங்கிக் காரைத் தள்ளினோம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். ஜமால்தீன் நானா கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டே, “மாஸ்டர், இண்டைக்கு ஜும்மா. நீங்க கடதாசியளைப் பாருங்க, நான் தொழுதிட்டு ஓடி வாறன்” என்று பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். என் கையில் அன்னபாக்கியம் அக்கா பிரேதத்துக்குக் கட்டத் தந்த புது வேட்டி.

வார்ட்டில் அவருடைய கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணி மறைப்பு. சாகப்போகிறவருக்குத்தான் அதை வைப்பார்கள். துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அப்புத்துரை அண்ணர் மூன்று தலையணையில் சாய்ந்து இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

பேய் என்று பயப்படவில்லை. பேயாக இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

“என்னடாப்பா, கையிலை புதுவேட்டி? ஆருக்குக் கலியாணம்?” என்றார்.

பின்னாலேயே ஒரு இளம் நேர்ஸ் வந்தாள். ஜெகதீஸ்வரி. “நேற்றுப் பின்னேரம் சரியான கடுமை. ஆஸ்பத்திரிக் கிளாக்கர் ஐயாதான் தந்தி குடுத்தவர். ஊசி போட்டாப் பிறகு இப்ப சுகம். ஆனால் கிடத்திப்போடாதேங்கோ என்ன, மூச்சு முட்டிடும். நிமிந்தபடியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, வார்ட்டின் மற்ற அந்தத்தில் சாப்பாடு கொடுக்கப் போனாள். அந்தக் கிளாக்கர் தெற்கத்தி ஆளாம். கடுமை என்றால் கடுமை என்றே எழுதுகிற மனிதர். எங்கள் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும். அவரில் நான் பிழை சொல்லமாட்டேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் அண்ணரிடம் சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, திரும்பவும் சிரித்தார்.

“அப்ப நான் செத்திட்டனோ? வடிவா வாசிச்சனியோ? எங்கை, ஒருக்கா வாசிச்சுக் காட்டு பாப்பம்.”

நான் வேட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

“மேளத்துக்குச் சொல்லியாச்சோ?”

“ஓம் அண்ணை.”

“விறகு?”

“தறிக்கப் போட்டினம்.”

“என்ரை வளவு வேம்பிலை கை வைச்சால் தெரியும் அவங்களுக்கு.” திரும்பவும் சிரித்தார். பிறகு கொஞ்சம் நிதானித்து, “அன்னபாக்கியம் அழுதவளோ?” என்று கேட்டார்.

“சரியா அழுதவா.”

சிரிப்பு நின்றது. “பாவமடா அவள். கெதியா டொக்டரிட்டைத் துண்டு வெட்டுவிச்சுக்கொண்டு வீட்டை போவம்” என்றார்.

நான் கெஞ்சினேன், ஐயா. அதை மறைக்கவில்லை. அவருடைய காலைப் பிடித்தேன். வீரகத்தியர் வயரை அறுத்துவிடுவார் என்றேன். தைப்பொங்கலுக்கு அரசாங்கக் காரியாதிகாரி வந்து நிலையத்துக்குப் புதுக் கட்டடம் திறக்க இருக்கிறார் என்றேன். பத்து நாளைக்கு இங்கேயே இருங்கள், நான் போய் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன் என்றேன். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று எனக்கே தெரியாது. பிரேதம் எங்கே என்று கேட்டால் என்ன காட்டுவது.

“அட விசரா, உதுக்கேன் அழுறாய்? நான் சொல்லுறன் சனத்துக்கு. பின்னேரம் உன்ரை மைக்கிலை நானே கதைக்கிறன். செத்த அப்புத்துரை பேசுறன் எண்டு துடங்குவன். சனம் சிரிச்சு உருளும்” என்றார். பிறகு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “விதைநெல்லைத் திண்டனீ, இப்ப என்னையும் திண்டிட்டியேடா.”

ஊரே அந்த வார்த்தையைச் சொன்ன நாட்களில் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை. கெட்ட எண்ணத்தில் சொல்லவும் இல்லை, என்னை ஆற்றுவதற்குத்தான் சொன்னார். அந்தப் பகிடி நன்றாகவும் இருந்தது. அதுதான் பெரிய ஆபத்து. எந்த வாக்கியம் ஊரில் நிற்கும், எது நிற்காது என்று ஒலிபரப்புக்காரனுக்குத் தெரியும். அந்த வாக்கியம் மைக்கில் ஒரு தடவை போனால் போதும். கலியாண வீட்டில் சொல்வார்கள், செத்த வீட்டில் சொல்வார்கள். நாளைக்குத் தண்ணீர் முறையை யார் வாசித்தாலும் சிரிப்பார்கள். பத்மாசனி திரும்பவும் உச்சி வெயிலில் தனியாகக் கிணற்றடிக்குப் போவாள். அதை நினைக்க எனக்கு மூச்சு அடைத்தது. அவருக்குத் தொய்வு, எனக்கு அது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணியோசை காலையிலேயே ஊருக்குப் போய்விட்டது. யானையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் மிச்சமாக இருந்தது. நான் அதை ஒரு பொறுப்பு என்று பார்த்தேன். இப்போதும் அப்படித்தான் பார்க்கிறேன்.

பன்னிரண்டரை இருக்கும். சிரித்த களைப்பில் அவருக்குக் கண் சொருகியது. “வசதியாப் படுங்கோ அண்ணை” என்று சொல்லி முதலாவது தலையணையை எடுத்தேன். இரண்டாவதை எடுக்கும்போது கண்ணைத் திறந்து, “வேண்டாமடா, மூச்சு வராது” என்றார். மூன்றாவதையும் எடுத்தேன். தலையணையை முகத்தில் அமுக்கிக் கொன்றதாக யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அது தவறான செய்தி. நான் தலையணையை வைக்கவில்லை. எடுத்தேன். எழும்பப் பார்த்தார். வீணாகக் களைத்துப்போவார் என்று இரண்டு தோள்களிலும் கை வைத்து ஆறுதலாகப் பிடித்துக்கொண்டேன். கூப்பிடப் பார்த்தார், சத்தத்துக்குக் காற்று வேண்டுமே. என் கையை ஒரு தடவை பிறாண்டினார். மற்ற நேரமெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு விசயம் விளங்காத ஆள் பார்ப்பதுபோலத்தான்.

வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தாரே. அதை அப்போது செய்தேன். காதுக்குப் பக்கத்தில் குனிந்து, கொக்கட்டிக்குளம் இரண்டாம் வாய்க்காலைச் சேர்ந்த கந்தையா அப்புத்துரை அவர்கள் என்று தொடங்கி, காலையில் வாசித்த மாதிரியே இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை முடியும்போது அவர் கேட்கவில்லை. தலையணை மூன்றையும் பழையபடி அடுக்கி, ஆளை நிமிர்த்திச் சாய்த்துவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு நேர்ஸைக் கூப்பிட்டேன்.

டொக்டர் வந்து நாடி பார்த்தார். நேற்றுக் கடுமையாக இருந்தவர் இன்றைக்குப் போய்விட்டார், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது. ஜெகதீஸ்வரிதான் சுவரோடு நின்று அழுதாள். “இப்ப சிரிச்சுக் கதைச்சுக்கொண்டிருந்த மனுசன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நோயாளியைக் கவனிக்காமல் விட்டாள் என்று பிறகு அவளை வேலையால் நிற்பாட்டிவிட்டார்களாம். ஒன்றரை வருடமாக எல்லாக் கந்தோருக்கும் மனு எழுதி, கடைசியில் உங்களை இங்கே அனுப்பியிருக்கிறாள். வயது குறைந்த பிள்ளை. வேறு வேலை கிடைக்கும்.

ஜமால்தீன் நானா தொழுதுவிட்டு வந்தபோது கடதாசி வேலை முடியும் தறுவாயில் இருந்தது. “அல்லாஹ்வே, என்ன தங்கமான மனுசன். என்ர காரில ஏறினா முன்னுக்குத்தான் இருப்பார்” என்று கண்ணைத் துடைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஐந்து மணிக்குப் பிரேதத்தை வீட்டில் இறக்கினோம். மேளம் ஆயத்தமாக நின்றது. யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் லொறியில் வந்து இறங்கியிருந்தார்கள். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காலையில் கேட்ட செய்தி பின்னேரம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது.

அன்னபாக்கியம் அக்கா மட்டும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். “தம்பி, கடைசியிலை தெரிஞ்ச சனம் ஒண்டும் இல்லாமலே போனவர்?”

“இல்லை அக்கா. தெரிஞ்ச ஆள் ஒராள் பக்கத்திலை நிண்டு தோளைப் பிடிச்சுக்கொண்டிருந்தவராம்.”

“அவருக்குப் புண்ணியம் கிடைக்கும்” என்று சொல்லி, என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கை குளிர்ந்து போயிற்று. அதற்குப் பிறகு நல்ல வெயிலிலும் இந்தக் கை எனக்குச் சூடானதில்லை. எந்தத் தந்தி வந்தாலும் உறையைக் கிழிக்க முடியாமல் பத்மாசனியைக் கூப்பிடுகிறேன். அவள் ஏன் என்று கேட்பதில்லை. மூன்று மாதமாக அவள் எனக்கு முன்னால் இருந்து சாப்பிடுவதும் இல்லை. நித்திரையில் அந்த அறிவித்தலை வாசிக்கிறேனாம். எல்லாவற்றையும் வாசிக்கிறேனாம், “வேண்டாமடா, மூச்சு வராது” என்பதையும் சேர்த்து. மொத்தத்தில் நான் பட்டுக்கொண்டிருப்பதை நீங்கள் ஒரு மறியல் சிறையிலும் தர முடியாது, ஐயா. ஆனால் நிலையம் நிற்கிறது. பொங்கலுக்குக் காரியாதிகாரி வந்து இந்தக் கட்டடத்தைத் திறந்து வைத்தார். வீரகத்தியர் தன் பேச்சில், எங்கட நிலையம் சொன்னால் அது நடந்ததுதான் என்று சொன்னார். கை தட்டினார்கள்.

ஆகவே ஓம், நான்தான் செய்தேன். அப்புத்துரை அண்ணரை நான்தான் கொன்றேன். அந்தச் சொல்லை எழுதவேண்டும் என்றால் எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். நடராசா காணிப் பெர்மிட்டை மாற்றுவதற்கு எடுத்த மரணச் சான்றிதழைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அதில் மரண நேரம் பிற்பகல் பன்னிரண்டு ஐம்பது என்று கிடக்கிறது. நாங்கள் காலை ஆறு முப்பத்தெட்டுக்கே சொல்லிவிட்டோம், நாலு குழாயிலும், நூற்றெண்பது குடும்பமும் கேட்க. என்னைக் கொண்டுபோவதற்கு முதல் ஒரேயொரு உதவி செய்யுங்கள், ஐயா. பதிவாளர் கந்தோரில் சொல்லி அந்த நேரத்தைத் திருத்தச் சொல்லுங்கள். பிழை அவர்களுடையது.